வெள்ளைத் துணி கட்டிய சுரைக்காய்

பிரிசில்லா சுரை விதை ஊன்றியது 2024ஆம் ஆண்டு ஆடி மாதம் முதல் தேதி, புதன்கிழமை. கடலூர் முதுநகரில் அவள் வீட்டுக்குப் பின்னால் பதினான்கு அடி அகலமும் இருபத்திரண்டு அடி நீளமும் கொண்ட காலி இடம் ஒன்று இருந்தது. அதுநாள் வரை அங்கே துணி காயப்போட்டதைத் தவிர அவள் வேறொன்றும் செய்ததில்லை. கடல் பக்கம் என்பதால் மண்ணில் உப்பு ஏறிக் கிடந்தது. பண்ருட்டிப் பக்கமிருந்து வந்த செம்மண் எட்டு மூட்டையும் மட்கிய சாணம் மூன்று மூட்டையும் கொட்டி, இரண்டு குழி எடுத்து, குழிக்கு மூன்று விதை வீதம் ஊன்றினாள். ஓரத்தில் ஆறு கத்திரி நாற்று நட்டாள்.

அறுபத்தோரு வயதில் அவளைத் தோட்டம் போட வைத்தது அவள் கணவர் ஞானாதிக்கத்தின் நோய். அந்த ஆண்டு ஜனவரியில் அவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் சிதம்பரத்துக்குப் போய் மிஷினில் நான்கு மணி நேரம் படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். அதே கடலூர்–சிதம்பரம் தடத்தில்தான் அவர் இருபத்தொன்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தார். நின்றுகொண்டே போன சாலையில் இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து போனார்.

தக்காளி, கீரை, வாழைப்பழம், இளநீர் எல்லாம் கூடாது என்று ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். சுரை, பீர்க்கு, புடல் மட்டும் வேகவைத்து நீரை வடித்துவிட்டுச் சாப்பிடலாம். தண்ணீர், ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி. அதற்கு மேல் ஒரு வாய் குடித்தாலும் காலில் வீங்கும், நெஞ்சில் ஏறும்.

ஞானாதிக்கம் ஒரு பாட்டிலில் நூறு நூறு மில்லிக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டார். கோடுகளுக்கு எண் எழுதாமல் தன் தடத்தில் இருந்த நிறுத்தங்களின் பெயரை வைத்தார். நிரம்பிய பாட்டில் முதுநகர். காலியான பாட்டில் சிதம்பரம். நடுவே காரைக்காடு, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஒவ்வொரு கோடும் ஓர் ஊர்.

"மணி பதினொண்ணுதான் ஆவுது, அதுக்குள்ள புதுச்சத்திரம் வந்துட்டன் பிரிசி. இன்னிக்கு வண்டி ஓவர் ஸ்பீடு" என்பார்.

"பிரேக் போடுங்க. சாயங்காலம் மாத்திர முழுங்கத் தண்ணி வேணும்" என்பாள் அவள்.

சுரைக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். காலையில் ஆறு சொம்பு, மாலையில் ஆறு சொம்பு. பிளாஸ்டிக் நாற்காலியைக் குழிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, வாளியிலிருந்து மொண்டு மொண்டு மெதுவாக ஊற்றுவார். மண் தண்ணீரை உறிஞ்சும் சத்தத்தைக் காதைச் சாய்த்துக் கேட்பார். "குடி ராஜா, நல்லா குடி. ஒனக்கு டாக்டரு இல்ல, அளவும் இல்ல. எனக்கும் சேத்துக் குடி."

பக்கத்து வீட்டுச் சலீமா பீவி மதில் மேல் எட்டிப் பார்த்துச் சிரிப்பாள். "இன்னாண்ணே, செடிகிட்டயும் டிக்கெட்டு கேக்கறீங்களா?"

"இது ஸ்டாஃப் பாஸ்மா. இதுகிட்டக் கேக்க முடியாது."

ஆவணியில், முளைத்ததில் மிஞ்சிய ஒற்றைக் கொடி பந்தல் ஏறியது. செப்டம்பர் இரண்டாம் தேதி திங்கட்கிழமை பொழுது சாயும் நேரத்தில் முதல் பெண் பூ மலர்ந்தது. சலீமா பீவி வந்து, ஆண் பூ ஒன்றைக் கிள்ளி அதன் மேல் எப்படித் தொட்டு வைப்பது என்று காட்டிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் பார்த்தபோது விரல் அளவு பிஞ்சு, பச்சை மயிர் பளபளக்க நின்றிருந்தது.

எட்டாம் தேதி ஞாயிறு, கோவிலிலிருந்து வந்த கையோடு பிரிசில்லா பழைய வெள்ளைப் புடவையிலிருந்து ஒரு சாண் துணி கிழித்து அந்தப் பிஞ்சின் காம்பில் தளர்வாகக் கட்டினாள். அவர்கள் சபையில் அப்படி ஒரு வழக்கம். அக்டோபர் கடைசி ஞாயிறு அறுப்பின் பண்டிகை. அன்று ஆலயத்துக்குக் கொண்டுபோகவேண்டிய முதற்பலனுக்கு முன்கூட்டியே அடையாளத் துணி கட்டிவிடுவார்கள். துணி கட்டிய காயில் வீட்டார் யாரும் கை வைக்கமாட்டார்கள்.

பிரிசில்லா சத்துணவு அமைப்பாளராக இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அத்தனை வருடமும் அறுப்பின் பண்டிகைக்கு மார்க்கெட்டில் வாங்கிய பூசணியைத்தான் கொண்டுபோனாள். பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். ஆனாலும் பீடத்தின் படியில் அதை வைக்கும்போதெல்லாம், வேறொருவர் விளைவித்ததைத் தன்னுடையதென்று சொல்கிறோமே என்ற கூச்சம் அவளுக்கு உண்டு. இந்த வருடம்தான் முதல் தடவையாக அவள் கையால் விளைந்தது ஒன்று தொங்கியது. அதை வைத்து அவள் பொருத்தனை செய்துகொண்டாள். ஆண்டவரே, முதல் காய் உமக்கு. இவரை இன்னும் சில வருஷம் எனக்கு விட்டுவையும். இவ்வளவுதான் அவள் கேட்டது. மிஷின் வேண்டாம் என்றுகூடக் கேட்கவில்லை.

காய் வேகமாகப் பருத்தது. பதினெட்டாம் தேதி புதன்கிழமை காலையில், தண்ணீர் ஊற்றி முடித்த ஞானாதிக்கம் அதை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"நகம் எறங்குது பிரிசி. பதமா இருக்குது. இன்னிக்கு இத அறுத்துக் கூட்டு வச்சுடு."

"கண்ணு தெரியலையா? துணி கட்டியிருக்கு பாருங்க."

"அவருக்கு எத்தினியோ தோட்டம். எனக்கு ஒரு கொடி."

"இன்னும் காய்க்கும். அதுல ஒங்களுக்கு. இது அவருக்கு."

அவர் சிரித்துவிட்டு எழுந்து போனார். அன்றைக்கே பிரிசில்லா கடையில் ஒரு சுரைக்காய் வாங்கி வந்து, தாளில் சொன்னபடி வேகவைத்து வடித்துக் கூட்டு வைத்தாள். சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார். ஆனால் இரண்டாம் தடவை வாங்கவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சலீமா பீவி அந்தக் காயைப் பார்த்துவிட்டுப் பதறினாள். "ஏம்மா பிரிசி, இன்னும் பறிக்கலியா? மொத காய முத்த வுடக்கூடாதும்மா. நாமதான் பெத்து முடிச்சாச்சேன்னு கொடி நெனச்சிக்கும். அப்புறம் பிஞ்சு நிக்காது."

"பண்டிகைக்கு வச்சிருக்கன்க்கா. பொருத்தனை."

"பொருத்தனன்னா பிஞ்சாக் குடுத்தா ஆவாதா?"

சலீமா பீவி சொன்னது பலித்தது. அதற்குப் பிறகு வந்த பிஞ்சுகள் விரல் அளவு வரும்போதே மஞ்சளாகி, நுனியிலிருந்து சுருங்கி உதிர்ந்தன. அக்டோபர் முதல் வாரம் முடிவதற்குள் பதினொரு பிஞ்சு. துணி கட்டிய காய் மட்டும் பந்தலை இழுத்துக்கொண்டு பெருத்தது. தோல் வெளிறி, நகம் இறங்காமல் போயிற்று. அவருக்கென்று அவள் சொன்ன 'இன்னும் காய்க்கும்' அந்தக் கொடியில் வரவேயில்லை.

இரண்டாம் தடவை அவர் கேட்டது செப்டம்பர் இருபத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை. மழை வராமல் புழுங்கிய மதியம். பாட்டிலில் சிதம்பரம் வந்துவிட்டது, பொழுது இன்னும் பாதி கிடந்தது. நாற்காலியில் சாய்ந்தபடி அந்தக் காயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குள்ள இருக்கறது பூரா நானு ஊத்துன தண்ணி. நாக்கு ஒட்டிக்குது பிரிசி. ஒரு துண்டு அறுத்து வாயில வச்சிக்கறன். முழுங்கமாட்டன்."

அவர் குரலில் அன்று விளையாட்டு இல்லை. பிரிசில்லா ஐஸ் கட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அவர் உதட்டில் வைத்தாள். "ஒங்களுக்காகத்தாங்க வச்சிருக்கன். என்ன சோதிக்காதீங்க" என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாம் தடவை அக்டோபர் எட்டு, செவ்வாய்க்கிழமை. காலை ஏழு பத்து பஸ்ஸுக்காக வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். கால் வீக்கத்தில் செருப்பு ஏறவில்லை. குனிந்து மாட்டிவிட்டவளின் தலைக்கு மேலிருந்து சொன்னார். "சாயங்காலம் வந்ததும் அத அறுத்துடு. முத்தனாலும் பரவால்ல."

"பத்தொம்போது நாளுதாங்க இருக்கு."

"பத்தொம்போது நாளா" என்றார். வாசலைவிட்டு இறங்கினார்.

அன்று மிஷினில் இருக்கும்போதே அவருக்கு இரத்த அழுத்தம் இறங்கிப்போயிற்று. டாக்டர்களும் நர்ஸ்களும் ஓடிவந்து செய்யவேண்டியதையெல்லாம் செய்தார்கள். பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு உயிர் பிரிந்தது. வயது அறுபத்தாறு. மறுநாள் மாலை, ஓசூரிலிருந்து மகள் வந்து சேர்ந்த பிறகு, முதுநகர் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

மகள் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் பிரிசில்லா அவர் ஆஸ்பத்திரிப் பையைப் பிரித்தாள். பாட்டிலில் இரண்டு கோடு தண்ணீர் மிச்சமிருந்தது. சிதம்பரம் போய்ச் சேர இன்னும் இரண்டு நிறுத்தம். அந்தத் தண்ணீரைக் கொட்டவும் முடியாமல் குடிக்கவும் முடியாமல் ஒரு முழு நாள் கையில் வைத்திருந்துவிட்டு, மறுநாள் சுரைக் குழியில் ஊற்றினாள். கொடி அதற்குள் அடியிலிருந்து காய ஆரம்பித்திருந்தது.

அக்டோபர் இருபத்தேழு, அறுப்பின் பண்டிகை. காயை அறுத்துத் தராசில் வைத்தபோது ஆறு கிலோ இருநூறு கிராம் இருந்தது. வெள்ளைத் துணியை அவிழ்க்காமலே கொண்டுபோய்ப் பீடத்தின் படியில், வாழைத்தாருக்கும் கரும்புக்கும் நடுவே வைத்தாள். பாட்டு, பிரசங்கம், ஜெபம் எதுவும் அவள் காதில் ஏறவில்லை. ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருள்களை ஆலயத்துக்கு வெளியே ஏலம் விடுவது வழக்கம். ஏலம் விட்ட உபதேசியார் நல்ல தமாஷ்காரர். சுரைக்காயைத் தூக்கி விரல் முட்டியால் தட்டினார். மரப்பலகை போலச் சத்தம் வந்தது.

"இன்னாப்பா இது, காயா கதவா? இத வாங்குனா சாம்பாரும் வைக்கலாம், சண்டையும் போடலாம். யாரு கேக்கறீங்க?"

கூட்டம் சிரித்தது. பிரிசில்லா முன்னால் போய் அவர் கையிலிருந்து காயை வாங்கிக்கொண்டாள்.

"இது ஏலத்துக்கு இல்ல."

உபதேசியாருக்கு அப்போதுதான் யாருடைய காய் என்று தெரிந்தது. முகம் வாடிப்போயிற்று. "அக்கா, தெரியாம சொல்லிட்டன்க்கா. மன்னிச்சுக்குங்க. ஆனா படியில வச்சதத் திரும்ப எடுக்கக் கூடாதுக்கா."

யாரோ பின்னாலிருந்து, "ஆண்டவருக்குக் குடுத்தத எடுத்தா நல்லதில்ல" என்றார்கள். ஆயர் இறங்கி வந்தார். சபைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகாத இளைஞர்.

"என்னம்மா?"

"ஐயா, இதக் கேட்டவரு ஒருத்தரு. மூணு தடவ கேட்டாரு. அவருக்குக் குடுக்கல. கேக்காதவருக்குக் கொண்டாந்து வச்சிருக்கன். இது தப்பா இருக்குதுங்க ஐயா."

ஆயர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு அந்த வெள்ளைத் துணியைப் பார்த்தார். "எடுத்துட்டுப் போங்கம்மா" என்று மட்டும் சொன்னார். அவர் ஒரு வசனத்தையும் எடுத்து வீசாததற்காக அவள் பிற்பாடு அவரை நன்றியோடு நினைத்துக்கொண்டாள்.

வீட்டில், கண்டக்டர் பை மாட்டியிருந்த ஆணியில் காயைத் தொங்கவிட்டாள். நவம்பர் கடைசியில் புயல் வந்தது. ஆற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்து, கொல்லையில் இரண்டு நாள் முழங்காலளவு நின்றது. பந்தல் போயிற்று. கத்திரி போயிற்று. பிளாஸ்டிக் நாற்காலியை மூன்றாம் தெருவிலிருந்து சலீமா பீவியின் மகன் கண்டெடுத்துக் கொண்டுவந்தான்.

கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டில் ஸ்டார் கட்டவில்லை. ஜனவரி மாதம் ஒரு நாள் சலீமா பீவி வந்து உட்கார்ந்தாள். ஆணியைப் பார்த்தாள். "எத்தினி நாளைக்கும்மா அதத் தொங்கவிட்டுப் பாத்துக்கிட்டே இருப்ப?"

"பாக்கணும்க்கா. நான் செஞ்சது அது. ஆண்டவரு கேக்காதத அவருக்கு வச்சிக்கிட்டு, தாலி கட்டுனவரு கேட்டத இல்லன்னுட்டன்."

"கேக்கலன்னு எப்பிடிச் சொல்ற?" என்றாள் சலீமா பீவி. "தாகத்துல ஒருத்தரு கேட்டா, கேக்கறது அவரு மட்டுமா? படச்சவனும்தான் சேந்து கேக்கறான். எங்கள்ல அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தாங்க. ஒங்கள்ல எப்பிடியோ."

பிரிசில்லாவின் சபையிலும் அப்படித்தான். பதினாறு வருடம் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு அவள் அதைத்தான் சொல்லிக் கொடுத்தாள். படம் வரைந்து காட்டியிருக்கிறாள். பசித்தவன், தாகமுள்ளவன், வியாதிக்காரன். அவர்களுக்குச் செய்தது ஆண்டவருக்குச் செய்தது. அது அவளுக்குத் தெரியாத பாடமல்ல. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று கேட்டபோது ஆளை அடையாளம் தெரியவில்லை. அவ்வளவுதான். பீடத்தின் படியில் அவருக்காகக் காத்திருந்தாள். அவர் கொல்லையில் சொம்போடு உட்கார்ந்திருந்தார்.

ஆறுதல் சொல்ல வந்தவள் தன் பேச்சு இப்படி இறங்கும் என்று எதிர்பார்க்கவில்லை. "நான் ஒரு கூறு கெட்டவ" என்று பிரிசில்லாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று இருவருமாக ரம்பம் வைத்துக் காயை அறுத்தார்கள். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஞானாதிக்கம் ஊற்றிய தண்ணீர் அத்தனையும் எங்கோ போய், காகிதம் போன்ற நாரும் விதையும் மட்டும் கிடந்தன. விதையைத் தண்ணீரில் போட்டபோது பெரும்பாலானவை பதராய் மிதந்தன. நாற்பத்தொன்று மூழ்கின.

பிப்ரவரி ஐந்தாம் தேதி, வெள்ளத்தில் மறுபடி உப்பேறிய மண்ணைக் கழித்துவிட்டு ஆறு விதை ஊன்றினாள். இரண்டுதான் முளைத்தன. ஒன்றை வண்டு தின்றது. மிஞ்சிய ஒன்று பந்தலேறியது. ஏப்ரல் எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் ஒரு காய் பதமாக இருந்தது. துணி எதுவும் கட்டவில்லை. நகம் இறங்குகிறதா என்று பார்த்தாள். இறங்கியது. அறுத்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஏழு பத்து பஸ்ஸில் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் அந்த வார்டுக்கு அவள் ஆறு மாதமாகப் போகவில்லை. ஞானாதிக்கத்துக்கு அடுத்த கட்டிலில் படுக்கும் கம்மாபுரத்துத் தில்லைநாதன் இன்னும் அங்கேதான் இருந்தார். பாதியாக இளைத்திருந்தார். ஞானாதிக்கத்தின் கட்டிலில் முப்பது வயதுகூட நிரம்பாத ஒரு பெண் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பிரிசில்லா அந்தப் பக்கம் திரும்பவில்லை. காயை எடுத்துத் தில்லைநாதன் மனைவி இளமதியிடம் நீட்டினாள்.

"எனக்குச் சுரக்காயே புடிக்காதுக்கா" என்றார் தில்லைநாதன்.

"நீங்க கம்முனு இருங்க. குடுங்கக்கா, நான் செஞ்சு போடறன். எப்பிடித் திங்காம போறாருன்னு பாக்கறன்" என்றாள் இளமதி.

தில்லைநாதன் கொஞ்ச நேரம் காயைப் பார்த்தார். "மாமா சொல்லிக்கிட்டே இருப்பாரே, அந்தக் கொடியா?"

"அதோட வெத." பையை மடித்தாள். "என்னா சொல்லுவாரு?"

"கேட்டன், தரமாட்டன்னுட்டா, ஆண்டவருக்குன்னு வச்சிருக்கான்னு சொல்லிச் சிரிப்பாரு. கடைசி நாளும் சொன்னாரு. அன்னிக்கு சிரிக்கல. 'போவட்டும் மச்சான். அவரும் சிலுவையில தாகத்தோடதான தொங்கனாரு. அவரே குடிக்கட்டும்'னாரு."

இளமதி ஸ்டூலை நகர்த்தினாள். பிரிசில்லா உட்காரவில்லை. அவர் மன்னித்துவிட்டுத்தான் போனார் என்று அதை எடுத்துக்கொள்ளலாம். திரும்பி வரும்போது ஆலப்பாக்கம் வரைக்கும் அப்படி எடுத்துக்கொள்ள முயன்றாள். மன்னித்தது உண்மையாகவே இருக்கும். அதனால் தாகம் தீர்ந்திருக்குமா என்ற கேள்வியைத் தாண்ட முடியவில்லை. அதை ஆண்டவரிடமே கேட்டாள்.

அந்தப் பருவத்தில் அந்தக் கொடி மொத்தம் பதினேழு காய் காய்த்தது. ஒன்றையும் அவள் முத்தவிடவில்லை. பதினான்கு சிதம்பரத்துக்குப் போயின. அவற்றில் ஒன்றை அந்த இளம் பெண்ணின் கையிலேயே கொடுத்தாள். இரண்டு சலீமா பீவிக்கு. ஒன்றை, ஜூன் ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை, தனக்கென்று அறுத்துக் கூட்டு வைத்தாள். தட்டில் போட்டுக்கொண்டு ஜெபம் செய்தாள். ஒரு வாய் எடுத்தவளுக்கு இறங்கவில்லை. தட்டை மூடிவைத்துவிட்டு, சொம்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். மாலைக் கணக்கு இன்னும் ஆறு சொம்பு பாக்கி இருந்தது. மறுநாள் செவ்வாய்க்கிழமை. பந்தலில் ஒரு காய், விடிந்தால் பதமாகிவிடும்.